காலை ஆறரை மணி... பிள்ளைக்காம்பரா திறந்தாச்சு!

பனி இன்னும் விலகவில்லை. கம்பளித் தொப்பி போட்ட கைக்குழந்தை ஒரு தோளில், மாற்றுத்துணிப் பை இன்னொரு தோளில் என்று லயத்திலிருந்து இறங்கி வருகிறார்கள் தாய்மார்கள். வாசலில் நிற்கும் ஆயாம்மாவிடம் பிள்ளையைக் கொடுக்கும்போதே, “ராத்திரியெல்லாம் இருமல் ஆயாம்மா, பத்து மணிக்கு மருந்து குடுங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறார்கள்.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அன்றாடம் இப்படித்தான் விடிகிறது. நுவரெலியா, ஹட்டன், பதுளை பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். இப்போது ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும், லயத்தில் பழைய பெயர்தான் புழங்குகிறது.

உள்ளே வரிசையாகத் தொட்டில்கள். தவழும் பிள்ளைகளுக்குப் பாய், நடக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் அடுத்த தொட்டிலிலும் சத்தம் கேட்கும். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் கஞ்சி ஊட்டுவது ஆயாம்மாவுக்குக் கைவந்த கலை. திரிபோஷா மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிடித்த உருண்டை என்றால், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையும் வாயைத் திறக்கும்.

மழைக்காலத்தில்தான் பெரிய பாடு. துவைத்த துணி காயாது. ஈரத்துணியோடு கிடந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அதனால் அடுப்பங்கரைக் கொடியில் எப்போதும் குட்டிக் குட்டித் துணிகள் தொங்கும்.

பாலுக்கு அரை மணி

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுக்க, தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்கிறது இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லையென்றால் ஒரு மணி நேரம்.

காம்பரா பக்கத்திலேயே இருந்தால் 30 நிமிடம் போதும். ஆனால், கொழுந்து எடுக்கும் மலை தினமும் ஒன்றாக இருப்பதில்லை. இன்று காம்பராவுக்கு மேலே இருக்கும் மலை, அடுத்த வாரம் தோட்டத்தின் அடுத்த கோடி. ஏறி இறங்கவே அந்த நேரம் சரியாகிவிடும். அவசர அவசரமாகப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கூடையில் கொழுந்து குறைந்திருக்கும். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு ‘அரைப்பேர்’தான், அதாவது பாதிச் சம்பளம். பிள்ளையின் பசியா, முழுப்பேரா என்ற கணக்கு தாயின் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

காம்பரா பூட்டியிருந்தால் என்ன ஆகும்? பாட்டி இருக்கும் வீட்டில் சமாளித்துவிடுவார்கள். இல்லாத வீட்டில், பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்குவது பெரும்பாலும் அக்காதான். அப்படிப் பார்த்தால், ஒரு தொட்டிலை ஆட்டும் ஆயாம்மா, தாயின் சம்பளத்தையும் அக்காவின் படிப்பையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்.

கொழுந்தை ஒரே நாளில் பல தடவை நிறுக்கிறார்கள். பிள்ளையை மாதம் ஒருமுறை நிறுக்கிறார்கள். எடை ஏறியிருந்தால் அன்று ஆயாம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஏறாவிட்டால், சாயங்காலம் தாயைத் தனியாக அழைத்துப் பேசுவார்.

நாலரை மணி தாண்டி, கடைசி நிறுவை முடிந்ததும் தாய்மார்கள் திரும்புகிறார்கள். கையெல்லாம் கொழுந்துக் கறை. குழாயடியில் கழுவி முடிப்பதற்குள், வாசலிலிருந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது பிள்ளை.

“இருமல் கொறஞ்சிருச்சு, ரெண்டு உருண்டை தின்னுருக்கான்” என்கிறார் ஆயாம்மா. காலையில் ஓடிய தாய், இப்போதுதான் நின்று சிரிக்கிறாள்.