புள்ளிக்கு ஒரு சாவி

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் முகப்பும் முற்றத்தோடு கூடிய வளவும் எல்லாருக்கும் பொது. கல்யாணமான மகன்களுக்கோ வளவைச் சுற்றித் தனித்தனி அறைகள்; ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி. அவரவர் சாவி அவரவரிடம். ஒரு சாவி தொலைந்தால் அந்த அறைப் பூட்டை மாற்றினால் போதும், தலைவாசலைத் தொட வேண்டியதில்லை. இணையத்தில் நிரல்களைக் களஞ்சியங்களாகச் சேமித்து வைக்கும் கிட்ஹப், பிட்பக்கெட் போன்ற தளங்களும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. கணக்கின் கடவுச்சொல் தலைவாசல் சாவி. அது கையில் இருப்பவர் நிரலை மட்டுமல்ல, கணக்கையே அழித்துவிடலாம். அதை ஒவ்வொரு கணினியிலும் மென்பொருளிலும் பதித்து வைப்பது ஆபத்து என்பதால், நிரலை ஏற்றி இறக்கும் கிட் மென்பொருளின் கட்டளைகளுக்குக் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 அன்றும், பிட்பக்கெட் 2022 மார்ச் 1 அன்றும் நிறுத்தின. மாற்றாக பிட்பக்கெட் தந்தது ஆப் பாஸ்வேர்ட். அதற்குக் காலாவதி இருக்கவில்லை. மறந்துபோன பழைய சாவியும் திறந்துகொண்டே இருந்தது. 2025 செப்டம்பர் 9 முதல் அதையும் புதிதாக உருவாக்க முடியாது. இப்போது இரண்டு தளங்களிலும் கடவுச்சொல்லின் இடத்தில் காலாவதி நாள் வைக்கக்கூடிய டோக்கன்தான்.

உருவாக்குவது கடினமில்லை. கிட்ஹப்பில் செட்டிங்ஸ் பக்கத்தின் கடைசியில் உள்ள டெவலப்பர் செட்டிங்ஸுக்குள் போய், டோக்கனுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ‘ஆய்வகக் கணினி’ என்பதுபோல, அது எங்கே இருக்கப்போகிறது என்று சொல்லும் பெயர் நல்லது. பிறகு காலாவதி நாள், எந்தக் களஞ்சியம், படிக்க மட்டுமா எழுதவுமா என்று தேர்ந்தெடுத்தால் நீளமான எழுத்துக் கோவை ஒன்று திரையில் வரும். அது ஒருமுறைதான் காட்டப்படும். அப்போதே நகலெடுக்க வேண்டும். நிரலை ஏற்றும்போது கடவுச்சொல் கேட்கும் இடத்தில் அதை ஒட்டினால் திரையில் ஒன்றும் தெரியாது. எழுத்து விழவில்லை என்று மலைக்காமல் என்டரை அழுத்தலாம்.

இத்தனை சாவிகளை யார் பராமரிப்பது என்று கேட்கலாம். கிட் மென்பொருளின் சேமிப்பு வசதி டோக்கனை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் அன்றாடச் சுமை இல்லை. இதைவிடக் கனமான கேள்வி, திருடு போன டோக்கன் ஓ.டி.பி. கூடக் கேட்காமல் திறந்துவிடுமே என்பது. உண்மைதான். அதனால்தான் அதன் எல்லையும் ஆயுளும் குறுகியிருக்க வேண்டும். ஒரே களஞ்சியத்தை முப்பது நாள் மட்டும் திறக்கும் டோக்கன் களவு போனாலும் சேதம் அங்கேயே நிற்கும். அதை மட்டும் ரத்து செய்தால் மற்ற வேலைகள் தடைபடா. ஆனால் டோக்கனை நிரலுக்குள்ளேயே எழுதிக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் இந்தக் காவலெல்லாம் வீண். பின்னால் அந்த வரியை அழித்தாலும் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். அந்தத் தவறு நேர்ந்தால் வரியை அழிப்பதற்கு முன் டோக்கனை ரத்து செய்யுங்கள்.