மின்பொறி பூசும் கவசம்

டிரில்லின் முனையோ பஞ்ச் கருவியின் விளிம்போ மழுங்கிப்போய்விட்டது என்று பட்டறையில் ஒரு கருவியை ஒதுக்கிவைக்கும்போது, உண்மையில் கெட்டுப்போயிருப்பது அதன் மேற்பரப்பில் மயிரிழையினும் மெல்லியதான ஒரு பகுதிதான். உள்ளே இருக்கும் எஃகு, அடியைத் தாங்கும் தன் இயல்பில் சிறிதும் குறைவின்றி அப்படியே இருக்கிறது. அந்த எஃகின் உறுதிக்குப் பங்கம் நேராமல், தேயும் மேற்பரப்புக்கு மட்டும் எஃகினும் கடினமான கார்பைடினால் ஒரு கவசம் அளிக்கும் உபாயமே மின்பொறிப் படிவு முறை.

இம்முறை பிறந்த கதை ரசமானது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் சோவியத் விஞ்ஞானிகளான போரிஸ் லாசரென்கோ, நதாலியா லாசரென்கோ தம்பதியர், மின்தொடர்பு முனைகளிலுள்ள டங்ஸ்டன் ஓயாத பொறியினால் அரிக்கப்படுவதைத் தடுக்கும் வழியை ஆராய முற்பட்டார்கள். அரிப்பை அடியோடு ஒழிக்க முடியவில்லை. ஆனால், அதை மனிதன் தன் விருப்பப்படி நடத்தலாம் என்பது 1943-இல் அவர்களுக்குப் புலனாயிற்று. எண்ணெய் போன்ற திரவத்தினுள் பொறி பாயும்போது, பெயர்ந்த துகள்களைத் திரவம் அகற்றிவிடுவதால் உலோகத்தைச் செதுக்கும் தொழில் சித்திக்கிறது. காற்றில் பாயும்போதோ, நேர்முனையிலிருந்து பெயர்ந்த பொருள் எதிர்முனையில் சென்று ஒட்டிக்கொள்கிறது. செதுக்குவதும் பூசுவதுமாகிய இரண்டு தொழில்களும் இவ்வாறு ஒரே பொறியிலிருந்து தோன்றின.

கோபால்ட் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய டங்ஸ்டன் கார்பைடுக் குச்சியை நேர்முனையாகவும், கடினப்படுத்த வேண்டிய கருவியை எதிர்முனையாகவும் அமைக்கிறார்கள். குச்சியைப் பிடித்திருக்கும் கைப்பிடி விநாடிக்குப் பலமுறை அதிர்ந்து, கருவியைத் தொட்டும் விலகியும் இயங்குவதால், குச்சி அங்கேயே பற்றிக்கொண்டு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு ஸ்பரிசத்தின்போதும், மின்தேக்கியில் சேர்ந்திருந்த சக்தி மைக்ரோ விநாடிக் கணக்கில் வெளிப்பட்டு, பல ஆயிரம் டிகிரி உஷ்ணத்தை ஒரு புள்ளியில் உண்டாக்குகிறது. ஏறத்தாழ 2,800 டிகிரிக்கு மேல்தான் உருகும் கார்பைடும் அங்கே உருகித் துளியாகி, உருகிய எஃகுடன் கலக்கிறது. கலந்த மறுகணமே, சுற்றிலுமுள்ள குளிர்ந்த எஃகு அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், அத்துளி மிக நுண்ணிய மணிகளாக உறைந்து அடித்தளத்தோடு ஒன்றிவிடுகிறது. கருவியின் உடல் பொதுவாகக் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் போவதில்லையாதலால், அது வளைவதுமில்லை. முன்பு பெற்ற பதத்தை இழப்பதுமில்லை.

வேலை முடிந்த இடம் பளபளப்பை இழந்து, சாம்பல் நிறத்தில், விரலுக்குச் சொரசொரப்பாகத் தென்படும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஒன்றன்மேல் ஒன்றாகத் தெறித்துப் படிந்த துளிகளையும், பொறிகள் விட்டுச்சென்ற சிறு பள்ளங்களையும் காணலாம். பதப்படுத்திய கருவி எஃகின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 800 என்றால், கோபால்ட் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடின் கடினமோ 1,500-ஐ ஒட்டியது. எஃகும் கலந்த இந்தப் படிவு, பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தரத்தில் அமைகிறது.

ஆயினும், கவசத்தின் கனம் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரைதான். அதிக நேரம் பொறியைச் செலுத்தினால் கனம் மேன்மேலும் கூடும் என்று நினைப்பது இயல்பே. ஆனால், ஓர் எல்லைக்குப் பிறகு, திரும்பத் திரும்பச் சூடேறிக் குளிர்ந்த படிவில் விரிசல்கள் ஓடி, ஏற்கெனவே படிந்ததும்கூட உதிரத் தொடங்குகிறது. வேலை செய்யச் செய்ய இடையிடையே கருவியைத் துல்லியமான தராசில் நிறுத்துப் பார்த்தால், முதலில் ஏறிய எடை, பிறகு நின்று, அதன்பின் குறைவதே இதற்குச் சாட்சி.

ஆகையால், இதன் பலன் இடமறிந்து பிரயோகிப்பவர்க்கே கிட்டும். லேத்தின் வெட்டுளியில் இரு முகங்களுக்கும் பூசாமல் ஒன்றுக்கு மட்டும் பூசி, மற்றதைச் சாணை பிடித்தால், ஒவ்வொரு தடவையும் கார்பைடு விளிம்பே வெட்டும் முனையாக வந்து நிற்கும். உருட்டித் தேய்க்கும் பெரும் பாரத்தை அடித்தளம் தாங்காத இடத்தில் பூசினாலோ, கவசம் முட்டை ஓட்டைப் போல நொறுங்கிவிடும். கூடம் நிறைக்கும் உலையும் நச்சு ரசாயனத் தொட்டியும் தேவைப்படாத இம்முறை சிறு பட்டறைக்கும் எட்டக்கூடியது. எந்த முகத்தில் பூசுவது, எந்தக் கணத்தில் நிறுத்துவது என்ற இரண்டையும் தெளிந்த தொழிலாளியின் கையில், சாதாரண எஃகுக் கருவியும் விலையுயர்ந்த கருவிக்கு ஈடாக நெடுநாள் உழைக்கும்.