சுருக்கிய கதை நல்ல கதையா?

தாமஸ் மாலரி எழுதிய ஆர்தர் மன்னன் கதையை 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்டார். 21 பாகங்களும் 507 அத்தியாயங்களும் கொண்ட பெருநூல் அது. ஆகவே, சிறுவர்க்கென அதைச் சுருக்குவது தவறன்று. எதை விட்டுவிடுகிறார்கள் என்பதே கேள்வி.

கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சாகுந் தறுவாயில் மன்னன் தன் வாளை நீரில் எறிந்துவிடுமாறு பெடிவீரிடம் சொல்கிறான். வாளின் அழகில் மயங்கிய அவ்வீரனோ, இருமுறை அதை ஒளித்துவைத்துப் பொய் சொல்கிறான். மூன்றாம் முறைதான் எறிகிறான். நீரிலிருந்து ஒரு கை எழுந்து அதைப் பற்றிக்கொள்கிறது.

‘வாளை எறிந்தான்’ என ஒரே வரியில் முடிக்கும் நூலில் நிகழ்ச்சி இருக்கும். ஆசையோடு போராடிய மனம் இராது. சொற்கள் எளிதாக இருக்கட்டும். கதைமாந்தரின் மனம் மட்டும் குறையாதிருக்க வேண்டும். நூலகத்தில் நூலெடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.