ஏற்றுவது எளிது, இறக்குவதே வித்தை!

மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரங்கள் இரண்டு. ஒன்றே போதும் என்று நினைக்கும் வாலிபர்களும் இருக்கிறார்கள்.

விடுமுறை நாள் காலையில் பெங்களூரு விமான நிலையச் சாலையிலோ, துமகூரு சாலையில் நெலமங்கலா பக்கமோ போகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். வேகமாக வரும் வண்டியின் முன்சக்கரம் திடீரென்று எழும்பும். முன்கால் தூக்கிய குதிரையைப் போல வண்டி பின்சக்கரத்திலேயே ஓடும். ஆங்கிலத்தில் இதற்கு வீலி என்று பெயர். நம் பிள்ளைகள் வாயில் அது 'வீலிங்' ஆகிவிட்டது.

பதினாறு, பதினேழு வயதுப் பையன் உள்ள வீட்டில் இந்தச் சொல் காதில் விழுந்தாலே பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். 'கூடாது' என்றால் கேட்டுக்கொள்ளும் வயதும் அல்ல அது. இந்த வித்தை எப்படி நடக்கிறது, முறையாகக் கற்பவர்கள் முதலில் எதைக் கற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது தகப்பனுக்கும் நல்லது, மகனுக்கும் நல்லது.

சக்கரம் ஏன் எழும்புகிறது?

பேருந்து சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? அதே கதைதான். பின்சக்கரம் வண்டியைத் தள்ளுவது தரைமட்டத்தில். ஆனால் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையின் மையம் இருப்பதோ சற்று உயரத்தில். ஆகவே வண்டி முன்னே பாயும்போது முன்சக்கரத்தின் மேலிருந்த பாரம் பின்சக்கரத்துக்கு மாறுகிறது. முழுப் பாரமும் மாறிவிட்ட கணத்தில் முன்சக்கரம் தரையை விடுகிறது.

எடை குறைவாகவும் இழுவை சுருக்கென்றும் உள்ள வண்டி சுலபமாக எழும்பும். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு இந்த வித்தைக்காரர்களிடம் தனி மரியாதை இருப்பது இதனால்தான். அதன் எஞ்சின் 98 சி.சி.; சக்தி 11 குதிரைசக்தி; எடையோ சுமார் 100 கிலோதான்.

ஆக, முன்சக்கரத்தைத் தூக்குவது பெரிய காரியமல்ல. வண்டியின் திறனும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பின் பிரேக்கே உயிர்

வண்டி மேலே போகப் போக, அதைத் தாங்கி நிறுத்த ஆக்சிலரேட்டர் குறைவாகவே தேவைப்படும். ஒரு கட்டத்தில் எடையின் மையம், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிடும். உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடும் சிறுவனுக்குத் தெரிந்த அதே சமநிலைதான் இது.

அந்த இடத்துக்கு வருமுன் ஆக்சிலரேட்டரை மூடினால் வண்டி முன்னே இறங்கிவிடும். தாண்டிய பிறகு மூடிப் பயனில்லை. வண்டி பின்புறமாகக் கவிழும். முன் பிரேக்கும் உதவாது. சக்கரம் காற்றில் அல்லவா இருக்கிறது! அப்போது காப்பாற்றக் கூடியது பின் பிரேக் ஒன்றுதான். வலது பாதத்தால் அதை மிதித்தால் பின்சக்கரத்தின் வேகம் குறையும், முன்பக்கம் தணியும்.

ஆகவேதான் முறையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் பாடத்தைப் பின் பிரேக்கில் தொடங்குகிறார்கள். வலது பாதம் எந்நேரமும் அதன் மேல் இருக்க வேண்டும். முதல் கியரில், மெதுவான வேகத்தில், கிளட்சை விட்டு முன்சக்கரத்தை ஒரு சாண் எழுப்ப வேண்டும். எழும்பியதும் பிரேக்கை மிதித்து இறக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மனம் யோசிப்பதற்கு முன் கால் மிதித்துவிடும் என்ற பழக்கம் வந்த பிறகே அடுத்த சாண். தலைக்கவசம், முதுகுக் காப்பு, கையுறை, முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகியவை இல்லாதவருக்குப் பாடமே கிடையாது.

சாகசக்காரர்களின் வண்டியும் வேறு. குறைந்த வேகத்திலேயே எழும்புவதற்காகப் பின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருப்பார்கள். எஞ்சினைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கும். அளவுக்கு மீறி நிமிர்ந்தால் தரையில் உரசி, கவிழாமல் தடுக்கும் இரும்புச் சட்டம் பின்னால் இருக்கும். தவணை கட்டி முடியாத வீட்டு வண்டியில் இதெல்லாம் ஏது? தடாலென்று ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடி வாங்குவது முன் ஃபோர்க்கின் ஆயில் சீலும் ஹேண்டில் பேரிங்கும்தான். வண்டி நிமிர்ந்தபடி நெடுநேரம் ஓடினால் எஞ்சின் ஆயில் பின்புறம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போய், எஞ்சினே இறுகிப்போவதும் உண்டு.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆபத்து இன்னும் அதிகம். அதில் கிளட்ச் இல்லை. காலால் மிதிக்கும் பிரேக்கும் இல்லை. பின் பிரேக் இருப்பது இடது கையில். இப்போது வரும் ஸ்கூட்டர்கள் பலவற்றில் அந்த இடது பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரத்திலும் சேர்ந்தே பிரேக் விழும். காற்றில் சுழலாமல் நின்றுவிட்ட சக்கரம் அப்படியே தரையைத் தொட்டால் வண்டி வழுக்குமா, துள்ளுமா என்று யார் சொல்ல முடியும்?

களம் இருந்தால் சாதனை

அமெரிக்காவின் டக் டொமோகோஸ் 1984-ல் அலபாமா மாநிலத்தின் டல்லடேகா பந்தயத் தடத்தில் ஒற்றைச் சக்கரத்திலேயே 145 மைல், அதாவது சுமார் 233 கிலோமீட்டர் ஓட்டினார். 1991-ல் ஜப்பானின் யாசுயுகி குடோ 331 கிலோமீட்டர் ஓட்டி அதை மிஞ்சினார். அவர் ஓட்டியது வாகன ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் சோதனைத் தடத்தில். இருவரும் பொதுச் சாலையை நாடவில்லை.

உள்ளூரிலேயே உதாரணம் உண்டு. ராணுவத்தின் ஏ.எஸ்.சி. பிரிவைச் சேர்ந்த 'டொர்னேடோஸ்' குழுவினர் 2017 நவம்பர் 19 அன்று யெலஹங்கா விமானப்படைத் தளத்தில், ஒரே 500 சி.சி. என்ஃபீல்டு வண்டியில் 58 பேர் ஏறி 1,200 மீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார்கள். 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் பெங்களூருக்காரர். அவர் கோலார் பக்கம் மண்தடப் பயிற்சிக் களம் ஒன்றை அமைத்தார். மண்தடத்தில் குறுக்கே கிடக்கும் மரத்தையும் பள்ளத்தையும் கடக்க, முன்சக்கரத்தை அளவாக எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே இது வேடிக்கை அல்ல, தேவையான பாடம். விழுந்தாலும் மண், எதிரே லாரி வராது.

சாலையில் அப்படியா? எழும்பிய வண்டியில் முன்சாலை சரியாகத் தெரியாது. ஹேண்டிலைத் திருப்பி விலகவும் வழியில்லை. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அவ்வளவுதான். கற்பவன் விழாமல் கற்க முடியாது. ஆனால் சாலையில் அவன் விழுவது அடுத்தவன் மேல்.

சட்டத்தின் பிடி

2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கிய ஒரு யூடியூபர் வண்டியோடு தூக்கி எறியப்பட்டார். கை எலும்பு முறிந்தது. கைதாகிச் சிறை சென்றார். 10 ஆண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமமும் போயிற்று. 2024 ஆகஸ்டில் நெலமங்கலா அருகே, வீலிங் செய்தவர்களின் ஸ்கூட்டர்களை ஆத்திரமடைந்த மக்கள் மேம்பாலத்திலிருந்தே தூக்கிக் கீழே போட்டார்கள். அது சட்டப்படி சரியல்ல; ஆனால் பொதுமக்களின் பொறுமை எந்த அளவில் இருக்கிறது என்பதை அது காட்டியது. 2025 மே மாதம் வீலிங் வழக்கு ஒன்றில் ஜாமீன் மறுத்த கர்நாடக உயர் நீதிமன்றம், இப்போதுள்ள சட்டப் பிரிவுகள் போதாது, கடுமையான சட்டம் தேவை என்று அரசை வலியுறுத்தியது.

இப்போதுள்ள சட்டமே லேசானது அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி, ஆபத்தான முறையில் ஓட்டினால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2019-ல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவோ நேரே பெற்றோரைப் பிடிக்கிறது. 18 வயது நிரம்பாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்று சொன்னால் போதாது. அதைத் தகப்பனார்தான் நிரூபிக்க வேண்டும்.

அப்பா வேலைக்குப் போகும் வண்டி ஓராண்டு முடங்கினால் வீட்டின் கதி என்ன? பிள்ளை டிரைவர் வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ போக நினைத்தால், உரிமம் இல்லாமல் எப்படிப் போவான்?

மகன் வீலிங் பற்றிப் பேச்செடுத்தால் சீறி விழ வேண்டாம். "முன்சக்கரம் மேலே இருக்கும்போது உன் வலது கால் எங்கே இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விழித்தான் என்றால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பதில் சொன்னால், அவனை அழைத்துக்கொண்டு முறையான பயிற்சிக் களம் ஒன்றைத் தேடிப் போங்கள்.