கைபேசிகள் அருகருகே வரும்போது: இலக்கங்களைப் பகிர்வதும் காப்பதும்

ஊர் ஒன்றாக இருந்த காலத்தில் ஒருவரைத் தேடிப்பிடிக்க இலக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வாய்க்கால் வரம்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வயலில் நிற்பவருக்குக் கேட்கும். விதைநெல் யாரிடம் உண்டு, உழவு இயந்திரம் எந்த வளவில் நிற்கிறது என்பதெல்லாம் அயலாருக்குத் தெரிந்தே இருந்தது. இடம்பெயர்வு இந்த அயலைச் சிதறடித்துவிட்டது. ஒரே ஒழுங்கையில் இருந்த குடும்பங்கள் இன்று பல மாவட்டங்களிலும் பல நாடுகளிலும் வாழ்கின்றன. அவர்களை இணைத்து வைத்திருப்பது பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு தொலைபேசி எண்தான். அது தொலைந்தால் உறவே தொலைந்ததுபோல் ஆகிவிடுகிறது.

எனவே இலக்கங்களை எவ்வாறு பெறுகிறோம், எவ்வாறு கொடுக்கிறோம், எவ்வாறு காக்கிறோம் என்பது சிறிய விடயமன்று. இரண்டு ஸ்மார்ட் கைபேசிகளை அருகருகே பிடித்தாலே பெயரும் இலக்கமும் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதைப் பற்றி வியப்பும் உண்டு, அச்சமும் உண்டு. இரண்டையும் சற்று விளங்கிக்கொள்வோம்.

பழைய ஆசை

இந்த எண்ணம் புதியதல்ல. 1998 இல் வெளிவந்த 'பாம் 3' என்ற கைக்கணினியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் மூலம் பெயர் அட்டையை எதிரே இருப்பவரின் கருவிக்கு அனுப்ப முடிந்தது. தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் றிமோட்டில் இருப்பதும் இத்தகைய கதிரே. இரு கருவிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்த்திருக்க வேண்டும்.

2009 இல் 'பம்ப்' என்ற செயலி வந்தது. கைபேசி பிடித்த கைகள் இரண்டை மெல்ல முட்டினால் விபரம் மாறிக்கொள்ளும். பார்ப்பவருக்குக் கைபேசிகளே நேரடியாகப் பேசிக்கொண்டதுபோல் தோன்றும். உண்மையில் முட்டிய நேரமும் இடமும் இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று, அங்கேதான் சோடி சேர்க்கப்பட்டது. இச்சேவை 2014 இல் நிறுத்தப்பட்டது.

2011 இல் அன்ட்ராய்ட் கைபேசிகளுக்கு 'அன்ட்ராய்ட் பீம்' வந்தது. முதுகோடு முதுகு வைத்து அனுப்பும் இந்த முறையும் சில ஆண்டுகளின் பின் கைவிடப்பட்டது. 2023 செப்டெம்பரில் ஐபோன்களுக்கு வந்த 'நேம்ட்ராப்' இவ்வரிசையில் பின்னர் பிறந்த பிள்ளை.

எவ்வாறு இயங்குகிறது?

இதன் அடிப்படை என்.எவ்.சி. எனப்படும் குறுந்தூரத் தொடர்பு முறை. நோக்கியா, பிலிப்ஸ், சொனி ஆகிய நிறுவனங்கள் 2004 இல் இதை வளர்ப்பதற்கென ஒரு மன்றத்தை அமைத்தன. வங்கி அட்டையைக் கடையிலுள்ள கருவியில் காட்டிப் பணம் செலுத்துவதும் இதே முறையிலேயே நடைபெறுகிறது.

கைபேசிக்குள் ஒரு சிறிய கம்பிச்சுருள் உண்டு. அதில் மின்னோட்டம் செல்லும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. வேறொரு சுருள் அதற்குள் வந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மாற்றங்களையே செய்தியாக வாசிக்கிறார்கள். இது ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் தூரத்துக்குள்தான் நன்றாக இயங்கும். தூரம் கூடும்போது காந்தப்புலம் மிக விரைவாக மெலிந்துவிடுகிறது.

ஆகவே இதைக் காதோடு காது வைத்துச் சொல்லும் இரகசியத்துக்கு ஒப்பிடலாம். ஆனால் காதில் நீண்ட கதை சொல்ல முடியாது. அதனால் நேம்ட்ராப் முறையில், அருகில் வந்த கைபேசிகள் முதலில் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. பின்னர் படமும் விபரங்களும் புளூடூத், வைஃபை அலைகள் வழியே நேரடியாகச் செல்கின்றன. வரம்பில் நின்று பேச்சை முடித்துவிட்டு, மூட்டையை வண்டியில் அனுப்புவது போன்றது இது. இவ்வாறு இலக்கத்தை மாற்றிக்கொள்ள இணைய டேட்டா தேவைப்படுவதில்லை.

அனுப்பப்படுவது என்ன? 1990களின் நடுப்பகுதியில் உருவான 'வி-கார்ட்' என்ற மின் பெயர் அட்டை முறை இன்றும் எங்கும் வழக்கிலுள்ளது. பெயர், தொலைபேசி, முகவரி, மின்னஞ்சல் என்று வரிவரியாக எழுதிய சிறு கோப்பு அது. எந்த நிறுவனத்தின் கைபேசியும் அதை வாசிக்கும்.

ஐபோனில் நடப்பது

இருவரிடமும் ஐபோன் இருக்க வேண்டும். அவற்றில் ஐ.ஓ.எஸ். 17 அல்லது அதற்குப் பிந்திய மென்பொருள் இருக்க வேண்டும். இரண்டின் மேல்முனைகளையும் அருகே கொண்டுவரும்போது திரையில் ஒளி பரவும். பின்னர் உங்கள் விபரத்தையும் கொடுப்பதா, மற்றவருடையதை மட்டும் பெற்றுக்கொள்வதா என்று திரை கேட்கும். விரும்பியதைத் தொடலாம். உங்களிடம் இரண்டு இலக்கங்கள் இருந்தால் எதைக் கொடுப்பது என்பதையும் நீங்களே தெரிவு செய்யலாம். விருப்பமில்லையென்றால் கைபேசிகளை விலக்கிவிட்டாலே போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்முறை புதிய பெயரைச் சேர்ப்பதற்கு மட்டுமே உரியது. ஏற்கனவே பதிந்துள்ள ஒருவரின் மாறிய இலக்கத்தை இதனால் திருத்த முடியாது.

அச்சமும் உண்மையும்

2023 நவம்பரில் அமெரிக்காவின் சில ஊர்ப் பொலிஸ் பிரிவுகள் இது குறித்து மக்களை எச்சரித்தன. கைபேசியை அருகில் கொண்டுவரும் எவரும் பிள்ளைகளின் விபரங்களை எடுத்துவிடலாம் என்ற அச்சம் வேகமாகப் பரவியது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் எமது இலக்கத்தைக் களவெடுத்துவிடுவாரோ என்று எம்மவரும் கேட்கக்கூடும்.

அவ்வாறு எடுக்க முடியாது. திரையைத் திறந்து, 'பகிர்' என்பதை உரியவர் தொட்டால் மட்டுமே விபரம் செல்லும். சட்டைப்பையில் பூட்டியபடி இருக்கும் கைபேசியிலிருந்து எதுவும் போகாது. அப்படியும் வேண்டாம் என்போர் செட்டிங்ஸ் பகுதியில் 'ஜெனரல்', அதன்பின் 'ஏர்ட்ராப்' என்று சென்று, கருவிகளை அருகே கொண்டுவரும் தெரிவை நிறுத்திவிடலாம்.

உண்மையான ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. இலக்கம் பெரும்பாலும் மனிதரின் கையால்தான் வெளியே போகிறது. "அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தாங்கோ" என்று ஒருவர் கேட்க, யோசியாமல் கொடுத்துவிடுகிறோம். அதன்பின் நள்ளிரவு அழைப்புகளும் தொல்லைகளும் வந்தால் துன்பப்படுபவர் அந்தப் பெண்பிள்ளையே. அதைத் தடுக்க எந்தப் பொறியும் இல்லை. எமது மனம்தான் தடுக்க வேண்டும்.

ஐபோன் இல்லாதவர்களுக்கு

எமது குடும்பங்களில் பலரிடம் இருப்பது அன்ட்ராய்ட் கைபேசி. குறைந்த விலைக் கைபேசிகள் பலவற்றில் என்.எவ்.சி. வசதி கிடையாது. அதனால் எதையும் இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. அதே பயனைத் தரும் வழிகள் வேறும் உள்ளன.

முதலாவது, 'குவிக் ஷெயார்'. பெயர்ப்பட்டியலில் ஒருவரின் பெயரைத் திறந்து 'ஷெயார்' என்பதைத் தொட்டால் இது தோன்றும். அருகிலுள்ள அன்ட்ராய்ட் கைபேசிக்கு டேட்டா செலவின்றி அனுப்பலாம். பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் சேரும். பழைய கைபேசியானால் புளூடூத் போதும்.

இரண்டாவது, கியூ.ஆர். குறியீடு. 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தார் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைத்திருக்க உருவாக்கியது இது. பல கைபேசிகள் ஒருவரின் பெயர் அட்டையை இவ்வாறான கட்டப்படமாகக் காட்டும். மற்றவர் தமது கமராவைப் பிடித்தால் இலக்கம் பதிவாகும். ஐபோனுக்கும் அன்ட்ராய்டுக்கும் இடையே இது நல்ல பாலம். ஆனால் வட்ஸ்அப் காட்டும் கியூ.ஆர். வேறு வகையானது. அதற்கு இணையம் வேண்டும். அதன் படம் யாரிடம் இருக்கிறதோ அவர் உங்களுக்குச் செய்தி அனுப்பலாம். தவறான கைக்குப் போனதாகத் தெரிந்தால் அதே இடத்தில் பழையதை இரத்துச் செய்து புதியதைப் பெறலாம்.

மூன்றாவது, எல்லோரும் அறிந்த 'மிஸ்ட் கோல்'. சாதாரண பட்டன் கைபேசிக்கும் இது பொருந்தும். இலக்கத்தைச் சொல்லி எழுதும்போது ஒரு எண் பிழைத்தாலும் வேறு யாருக்கோ அழைப்புப் போகும். மிஸ்ட் கோலில் அப்பிழை நேராது. அழைப்பு வந்தவுடன் பெயரைப் பதிந்துவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்றால் பத்து இலக்கங்களுக்குள் அது மறைந்துபோகும்.

நாம் செய்யக்கூடியவை

1. இலக்கங்களை +94 உடன் பதியுங்கள். முன்னாலுள்ள 0 ஐ நீக்கி, +94 இட்டு, மீதி ஒன்பது எண்களையும் எழுத வேண்டும். அப்போது கனடாவிலுள்ள தம்பிக்கு உங்கள் பெயர் அட்டையை அனுப்பினாலும் அவர் அப்படியே அழைக்கலாம்.

2. பெயரோடு அடையாளத்தையும் சேருங்கள். 'செல்வம்' என்று மட்டும் எழுதினால் எந்தச் செல்வம் என்று பின்னர் தெரியாது. 'செல்வம் உழவு இயந்திரம்', 'செல்வம் விதைநெல்' என்று எழுதினால் வீட்டிலுள்ள எவருக்கும் விளங்கும்.

3. உங்கள் சொந்த அட்டையில் தேவையானதை மட்டும் வையுங்கள். வியாபாரிக்கு இலக்கம் போதும். வீட்டு முகவரியும் பிறந்த திகதியும் அவருக்குத் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தையோ பெயர்ப்பட்டியலில் ஒருபோதும் எழுத வேண்டாம்.

4. பிறருடைய இலக்கத்தை அவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். "உங்கட நம்பரை அவரிட்டைக் கொடுத்து எடுக்கச் சொல்லுறன்" என்பது நல்ல மறுமொழி. கேட்டவருக்கும் மரியாதை, உரியவருக்கும் பாதுகாப்பு.

5. திறந்த கைபேசியை அறிமுகமில்லாதவர் கையில் கொடுக்க வேண்டாம். பகிர வேண்டுமானால் கைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

6. கொப்பியில் எழுதி வையுங்கள். கைபேசி நனையும், உடையும், களவு போகும். ஓட வேண்டிய நாளில் பற்றரியும் இறங்கியிருக்கும். முக்கியமான இருபது இலக்கங்களைத் தெளிவாக எழுதி, காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்பவற்றோடு பொலித்தீன் பையில் வையுங்கள். 1990 என்ற அம்புலன்ஸ் சேவை இலக்கம், 119 என்ற பொலிஸ் அவசர இலக்கம், விவசாயத் திணைக்களம் ஆலோசனை வழங்கும் 1920 ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

7. பிள்ளைகள் வீட்டாரின் இரண்டு இலக்கங்களையாவது மனப்பாடம் செய்யட்டும். கூட்டத்தில் தவறிய பிள்ளைக்குக் கைபேசி இருக்காது, வாய் இருக்கும்.

முடிவாக

கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ கூடும் நாளில் அரை மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்கலாம். இளைஞர்கள் மூத்தவர்களுக்கு அருகில் இருந்து காட்டிக்கொடுக்கலாம். மூத்தவர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லலாம். இரண்டும் சேரும்போது சிதறிய ஊரின் பெயர்ப்பட்டியல் மீண்டும் ஒன்றாகும்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய முறையும் நாளை கைவிடப்படலாம். ஆனால் ஒருவர் தம் இலக்கத்தை எம்மிடம் தருவது எம்மீதுள்ள நம்பிக்கையால். நெருக்கடி நேரத்தில் நாம் அழைப்போம், அவர் பதில் சொல்வார் என்பதே அதன் பொருள். அந்த நம்பிக்கையை விதைநெல் போலக் காப்போம்.