கிறித்தவ மறையில் வரியும் ஈகையும்

செல்வரிடம் வரி பெற்று வறியோர் நலத்துக்குச் செலவிடும் அரசின் செயல் அறமாகுமா என்னும் வினா கிறித்தவரிடையே நெடிது வழங்கிவருவதாகும். ஈகை உளம் உவந்து செய்வது, வரி ஆணையால் பெறுவது; ஆதலின் வரியால் நிகழும் பங்கீடு ஈகையாகாது என்பர் ஒரு சாரார். வறியோர்க்கு உரியதை அவர்பாற் சேர்த்தல் நீதியே. நீதியைக் காத்தல் அரசின் கடமை என்பர் மற்றொரு சாரார். இரு கருத்துக்கும் மறைநூலில் இடமுண்டு. அவ்விடங்களை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். எபிரேய மொழியில் நீதியைக் குறித்த 'செதாக்கா' என்னும் சொல், பிற்காலத்தில் வறியோர்க்கு ஈதலையும் குறிக்கலாயிற்று. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்து முதல் வசனத்தில், பழைய கிரேக்கப் படிகள் நீதி எனப் பொருள்படும் சொல்லையும், பிற்காலப் படிகள் பல ஈகை எனப் பொருள்படும் சொல்லையும் கொண்டுள்ளன. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ அவ்விடத்துத் 'தர்மம்' என்கின்றது. நெறி, ஈகை ஆகிய இரண்டனையும் அச்சொல் ஒருங்கே உணர்த்தும். 'அறம்' என்பதும் அத்தகையதே. எனவே, நம் வினாவின் இரு முனைகளும் இவ்வொரு சொல்லிலேயே அடங்கியுள்ளன எனலாம்.

மோசேயின் சட்டம் எளியோர் வாழ்வைச் செல்வரின் இரக்கத்துக்கே விட்டுவிடவில்லை. வயலோரக் கதிரையும் சிந்திய கதிரையும் எளியவர்க்கும் அயலார்க்கும் விடுமாறு லேவியராகமம் பணிக்கின்றது. மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை லேவியர், அயலார், திக்கற்ற பிள்ளைகள், கைம்பெண்கள் ஆகியோர்க்கு உரித்தாக்குகின்றது உபாகமம். ஐம்பதாம் ஆண்டில், விற்கப்பட்ட நிலம் பழைய குடிக்கே மீளல் வேண்டும். நிலம் இறைவனுடையது என்பதே அதற்குக் காரணம். ஆயினும், அரசன் விளைவில் பத்திலொன்று கொள்வான் எனச் சாமுவேல் எச்சரித்தமையும் அதே மறையிற் காணப்படுகின்றது. வரி கொடுமையாதலும் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இயேசு பெருமான் காலத்து வரி உரோம ஆட்சியினரால் விதிக்கப்பட்டது. கி.பி. 6-இல் யூதேயாவில் வரிக்கென மக்கட்கணக்கு எடுக்கப்பட்டபோது, கலிலேயனாகிய யூதாஸ் அதனை எதிர்த்துக் கிளர்ந்தான். தமிழ் மறைநூல் 'ஆயக்காரர்' எனக் குறிக்கும் வரி தண்டுவோர், விதித்ததற்கு மேலும் பறித்தமையின் வெறுக்கப்பட்டனர். ஆயினும், திருமுழுக்கு யோவான் அவர்களைத் தொழிலை விடுமாறு கூறவில்லை. விதித்த அளவைக் கடவாதிருக்குமாறே கூறினார். ஆயக்காரர் தலைவனாகிய சகேயுவின் செயல் இன்னும் தெளிவானது. அவன் தன் உடைமையிற் பாதியை ஏழையர்க்கு ஈவதாகவும், அநியாயமாகக் கொண்டதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் உரைத்தான். முன்னது ஈகை, பின்னது நீதி. ஒன்றைச் செய்தமையால் மற்றொன்று தீர்ந்துவிட்டதாக அவன் கருதவில்லை என்பதை உளங்கொள்க.

எருசலேம் திருச்சபையார் உடைமைகளைப் பொதுவில் வைத்தமையைச் சிலர் அரசின் பங்கீட்டுக்குச் சான்றாகக் காட்டுவர். அது பொருந்தாது. நிலம் அனனியாவின் உரிமையாகவே இருந்தது எனப் பேதுரு ஒப்புகின்றார். அவன் குற்றம் பொய்யுரைத்தமையே. பவுலும் ஏழையர்க்கான காணிக்கை கட்டாயத்தால் ஆகாது என்கின்றார். எனினும் சமநிலையே அதன் நோக்கம் என்கின்றார். வரியையும் தீர்வையையும் மனச்சான்றின்பொருட்டே செலுத்துமாறு உரோமர்க்கு எழுதியவரும் அவரே.

பிற்காலச் சான்றோரும் இதில் ஒருபடித்தாக உரைத்திலர். 4-ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசிலியார், தேவைக்கு மேல் வைத்திருக்கும் உணவும் உடையும் இல்லாதவர்க்கே உரியன எனக் கண்டித்தார். 13-ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவினாசு, பொதுநலத்துக்கு உரியதை அரசன் வலிந்து பெறினும் அது கொள்ளையன்று. நீதிக்கு மாறாகப் பெறின் கொள்ளையே என வரையறுத்தார். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, மிக்க இடர்க்காலம் நீங்கலாக, மிகுபொருளை ஈதல் அன்பின் கடமையேயன்றிச் சட்டத்தால் வற்புறுத்தற்கு உரியதன்று என்றார். 1961-இல் இருபத்துமூன்றாம் யோவான், வரிச்சுமை அவரவர் ஆற்றலுக்கு ஏற்றதாதல் வேண்டும் என்றார்.

இவ்வினா நூலளவில் நின்றுவிடவில்லை. கிறித்தவர் மிக்க அமெரிக்க மாநிலமாகிய அலபாமாவில், நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 4,600 டாலர் ஈட்டினாலே வருமான வரிக்கு உட்பட்டது. ஆளுநர் பாப் ரைலி, எளியோர்க்குச் சுமையைக் குறைத்து வசதியுடையோர்க்குக் கூட்டும் திட்டத்தைக் கிறித்தவக் கடமையென முன்வைத்தார். 2003 செப்டம்பர் 9-இல் வாக்களித்தோருள் ஏறத்தாழ மூன்றில் இருவர் அதனை மறுத்தனர். அரசின்மீதுள்ள ஐயமும் மறுப்புக்கு ஒரு காரணமாயிற்று. ஆயினும், ஈகையில் விருப்பமுடையோர் தம் வரிமுறை வறியோரை வருத்துவதனை எண்ணாதிருத்தல் தகுமோ என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

இதுகாறும் கண்டவற்றால், வரி நீதியின்பாற்படுவது, ஈகை அன்பின்பாற்படுவது என்பது நம் துணிபு. வரி செலுத்தினமையால் ஈகைக்கடன் தீராது. ஈந்தமையால் நீதியற்ற வரிமுறை அறமாகாது. சகேயு இரண்டையும் தனித்தனியே எண்ணினான். அவ்வாறு எண்ணுதலே மறைநூற்கு இயைந்த நெறியாகும்.