திண்ணையில் உட்கார்ந்த மார்ஃபின்

"சிசேரியன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைத் தரலாமா? பாலில் கலந்து பிள்ளைக்குப் போய்விடும் என்று சம்பந்தியம்மா தடுக்கிறார்" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தரலாம். பாராசிட்டமால் தாய்ப்பாலில் சேரும் அளவு, காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு. இபுப்ரோஃபன் அதைவிடச் சொற்பமாகத்தான் சேரும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் இபுப்ரோஃபன் வகையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கோடீன் கலந்த மாத்திரை வேறு கதை. சிலருடைய கல்லீரல் அதை அசுர வேகத்தில் மார்ஃபினாக மாற்றிவிடும். அது பாலில் ஏறிப் பிள்ளையைக் கிறங்கடிக்கலாம். டிரமடாலையும் சேர்த்தே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் எச்சரித்தது.

கேள்விக்குப் பதில் முடிந்துவிட்டது. ஆனால் மார்ஃபின் என்ற பேச்சு வந்துவிட்டதால் எனக்கு விட மனமில்லை. மாத்திரை வழியாக வந்தால் இப்படிப் பயமுறுத்தும் அதே மார்ஃபின்தான், சிசேரியன் வலிக்கு இன்று நம்மிடம் இருக்கும் மிக நல்ல மருந்து. முதுகில் போடும் மரப்பு ஊசியோடு 0.1 மில்லிகிராம் கலந்தால் போதும். தசையில் போடும் வழக்கமான ஊசியில் இருப்பது 10 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க எப்படி வலியை அடக்குகிறது?

தண்டுவடத்தை ஒரு பழைய தெருவின் வீட்டு வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியிருக்கும் தண்டுவட நீர்தான் தெரு. வீடுகள் கொழுப்பால் கட்டியவை. ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்து கொழுப்பில் சட்டென்று கரையும்; உரிமையுள்ள மச்சான் மாதிரி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போவார், சாப்பிடுவார், கொல்லைப்புறமாக ரத்தக் குழாயில் இறங்கிப் போய்விடுவார். மிஞ்சினால் நான்கு மணி நேரம். மார்ஃபினோ நீரில் கரைகிற ஆள். கொழுப்பு வீட்டுக்குள் நுழையக் கூச்சம். புது மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் போலத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். உள்ளே போய் வேலையைத் தொடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அதே கூச்சத்தால் வெளியேறவும் மாட்டார். திண்ணையில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருப்பார். 18 மணி, சில சமயம் 24 மணி நேரம்கூட.

உள்ளே அவருக்கு ஒரே வேலைதான். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்பு தண்டுவடத்தில் முடியும் இடத்தில் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. மார்ஃபின் அங்கே ஒட்டியதும், நரம்பு முனை செய்தியைக் கைமாற்றும் வேதிப்பொருளைச் சுரப்பது குறைகிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய செல்லும் மந்தமாகிறது. காலை அசைக்கும் நரம்பின் பக்கமே போவதில்லை. அறுவையின்போது இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் மரக்க வைத்த புபிவக்கெய்ன் இரண்டு மூன்று மணி நேரத்தில் விடைபெற்றுவிடும். அதன்பின் தாய் எழுந்து நடக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். வலி மட்டும் அடங்கியிருக்கும். மொத்த மருந்தே இத்தனை கொஞ்சம் என்பதால் பாலில் ஏறப் பெரிதாக ஏதும் மிஞ்சுவதில்லை.

திண்ணைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: தெருவோடு மெதுவாக மேலே நடப்பார். மேல்கோடியில் இருக்கும் வீடு மூளைத்தண்டு. மூச்சைக் கவனித்துக்கொள்வது அதுதான். பல மணி நேரம் கழித்து அங்கே போய் உட்கார்ந்தால் மூச்சு மந்தப்படும். 0.1 மில்லிகிராம் அளவில் இது மிக மிக அரிது. என்றாலும் முதல் நாள் முழுக்க செவிலியர் மூச்சை எண்ணுவது இதற்காகத்தான். அரிப்பு மட்டும் பலருக்கும் வரும், குறிப்பாக மூக்கிலும் முகத்திலும். அது அலர்ஜி அல்ல; அதற்கு அவில் ஊசி போட்டால் தூக்கம் வரும், அரிப்பு பெரிதாகக் குறையாது. (உவமையை இன்னும் இழுத்தால் திண்ணை இடிந்துவிடும்.)

வரலாறு இல்லாவிட்டால் கோபிப்பவர்களுக்காக: முதுகு ஊசியை 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் தொடங்கியவர் ஆகஸ்ட் பியர். அப்போது செலுத்தியது கொக்கெய்ன். தன் மீதே சோதிக்கப் போய்த் தலைவலியில் படுத்தார். ஓபியாய்டு ஏற்பி 1973-இல் பிடிபட்டது. முதுகு வழியாக மார்ஃபினைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த மேயோ கிளினிக் ஆய்வு 1979-இல் வெளியானது.

இனி, 'வலியில்லா சிசேரியன்' விளம்பரங்கள். சிசேரியன் வலி ஒன்றல்ல, இரண்டு. தோலும் தசையுறையும் வெட்டுப்பட்ட வலி ஒன்று. கருப்பை சுருங்கும் வலி இன்னொன்று. பிள்ளை பால் குடிக்கும்போது ஆக்ஸிடோசின் சுரந்து அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்குமே, அது. இரண்டாவது பிரசவத்தில் இது கூடுதல். இப்போது நாகரிகமாகியிருக்கும் 'டாப் பிளாக்', ஸ்கேன் பார்த்து வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே மரப்பு மருந்தைச் செலுத்துவது. அது முதல் வலியை மட்டும்தான் தொடும். முதுகில் மார்ஃபின் போடாதவர்களுக்கு நல்ல துணை. போட்டவர்களுக்கு அதன் மேல் பெரிதாக ஒன்றும் கூட்டுவதில்லை, பில்லைத் தவிர. கருப்பை வலிக்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டினை உற்பத்தியாகும் இடத்திலேயே அடைப்பவை இபுப்ரோஃபனும் டைக்ளோஃபெனாக்கும். விளம்பரப் பலகையில் ஏறாத மலிவு மாத்திரைகள்.

அவற்றையும் நாம் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. 'வலித்தால் கேளுங்கள்' என்பது உருப்படாத ஏற்பாடு. நம் ஊர்த் தாய் கேட்கமாட்டாள். தாங்கிக்கொள்வதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பாராசிட்டமாலையும் மற்றதையும் முதல் இரண்டு மூன்று நாள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. மார்ஃபின் எடுக்கப்படும் அபினைச் சட்டப்படி விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆனால் 1985-இன் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகளால் மார்ஃபினை வாங்கி வைக்கவே பல மருத்துவமனைகள் பயந்தன. 2014 திருத்தம் விதிகளைத் தளர்த்தியது. பயம் அந்த அளவுக்குத் தளரவில்லை. முதுகில் போடப் பதப்படுத்தும் பொருள் கலக்காத தனி மார்ஃபின் வேறு வேண்டும். அதனால் பல இடங்களில் சீக்கிரம் கிளம்பிவிடும் ஃபென்டனிலோடு சரி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு சிசேரியனாக நடக்கும் தமிழ்நாட்டில், இது சின்ன விஷயமல்ல.

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது, முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்ப்பார்களா, இல்லையென்றால் பதிலுக்கு என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், காய்ச்சலடித்தால், தையல் சிவந்து நீர் கசிந்தால், மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.